நாலாவது ஊசி

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் சொல்லாத ஆள் கிடையாது. ஆந்திராவில் வடமாலபேட்டைப் பக்கத்தில் பயிர் வைத்துப் பிழைத்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. கொஞ்ச ஒரு பாஷையும் திட்ட ஒரு பாஷையுமாக எனக்கு அப்படித்தான் அமைந்துவிட்டது. திருப்பதியில் ஜெராக்ஸ் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடையில் ஆள் இருந்தால் வேலை, ஆள் இல்லாவிட்டால் போன். ஊர்க்காரர்களுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராததில் ஆரம்பித்து எந்த நடிகர் பெரியவர் என்பது வரைக்கும் அங்கே சண்டை நடக்கும். அந்தச் சண்டைகளில் எனக்கு நல்ல பேர். ஆனால் அது என் சொந்தப் பேர் இல்லை. திட்டுவதற்கென்றே வேறொரு கணக்கு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கில் இருந்த படம் மட்டும் என்னுடையது. ஜாத்திரையில் வேஷம் போட்டுக்கொண்டு நான் நிற்கிற படம்.

வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பதி என்றால் மலை. மலைக்குக் கீழே குடியிருக்கிற எங்களுக்கு கங்கம்மாவும் உண்டு. வெயில் கொளுத்துகிற மாதத்தில் ஒரு வாரம் அவளுக்கு ஜாத்திரை. பெண்களைப் பாடாய்ப் படுத்திய ஒரு பாளையக்காரனைக் கொல்ல அம்மன் வந்தாளாம். அவன் பயந்து எங்கேயோ ஒளிந்துகொண்டானாம். அவனை வெளியே வரவழைக்க நாளுக்கொரு வேஷம் போட்டு, தெருத் தெருவாகத் திட்டிக்கொண்டே போனாளாம். அதனால் வேண்டுதல் உள்ள நாங்களும் அந்த வாரம் வேஷம் போடுகிறோம். அதில் பண்ட வேஷம், அதாவது முரட்டு வேஷம், போடுகிற நாளில் உடம்பெல்லாம் குங்குமத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு, வேப்பிலையும் கையுமாக, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு போகலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. திட்டு வாங்குகிற வீட்டுப் பெண்ணே வாசலுக்கு வந்து நம் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள், குடிக்கக் கூழ் கொடுப்பாள். வீட்டுக்குப் போய்க் குளித்தால் வேஷம் போச்சு, திட்டும் அதோடு போச்சு.

எனக்கு அம்மை போட்டுப் பிழைத்ததற்காக அம்மா வேண்டிக்கொண்டது இது. பதினெட்டு வயதிலிருந்து ஒரு வருஷம் விடாமல் பண்ட வேஷம் போடுகிறேன். இந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது என்று அம்மன்மேல் பழி போட மாட்டேன். ஆனால் ஃபேஸ்புக்கையும் நான் ஜாத்திரை என்றே நினைத்துக்கொண்டேன். ஒரு படத்தை மாட்டிக்கொண்டு திட்டலாம், போனை மூடினால் குளித்த மாதிரி என்று நிஜமாகவே நம்பினேன்.

இப்படி இருக்கும்போதுதான் என்னை நாய் கடித்தது.

பால் பாக்கெட் வாங்கப் போனவனை, ஒரு தப்பும் செய்யாதவனை, பின்னாலிருந்து வந்து வலது கெண்டைக்காலில் கவ்வியது. ரத்தம் செருப்பில் ஒழுகியது. பால் பாக்கெட்டையே தூக்கி அதன்மேல் எறிந்தேன். அது ஓடாமல் நின்று, இரண்டு காதையும் விடைத்துக்கொண்டு, பாலை நக்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வலியைவிட ஆத்திரம் அதிகமாகிவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்குத் தனி அறை. அன்றைக்கு வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. என் முறை வந்தபோது ஒரு நர்ஸ் காயத்தை அழுத்திப் பார்த்தார். நான் "ஐயோ எம்மா" என்று கத்திவிட்டேன். உடனே அந்த நர்ஸ் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

"சோப்பு போட்டுக் கழுவினீங்களாண்ணா?"

"கழுவினேம்மா."

"எவ்ளோ நேரம்?"

"கழுவினேன்மா, ஏதோ."

"இன்னாண்ணா, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. கால் மணி நேரம் கழுவணும். வாங்க, நான் கழுவி உடறேன்" என்று குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முப்பத்தைந்து வயதிருக்கும். நகரிப் பக்கம் சொந்த ஊராம். அறிமுகமில்லாத ஓர் ஆளின் காலை உட்கார்ந்து கழுவுகிறோம் என்ற சங்கடம் ஒன்றும் அவர் முகத்தில் இல்லை. சோற்றுக்கு அரிசி கழுவுவதுபோலப் பேசிக்கொண்டே கழுவினார். பிறகு காயத்தைச் சுற்றியும் இரண்டு புஜத்திலும் ஊசி போட்டு, சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் இருபத்தெட்டாம் நாள். "மூணு போட்டுக்கினு நாலாவதுக்கு யாரும் வரமாட்டாங்க. நீங்க வரணும். இந்த நோவு வந்தா அதுக்கு மருந்து கிடையாதுண்ணா."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தேன். காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு போனைத் திறந்தேன்.

குழுவில் அப்போது தெருநாய்ச் சண்டை உச்சத்தில் இருந்தது. எல்லாவற்றையும் பிடித்து வண்டியில் ஏற்றிக் காட்டில் விட வேண்டும் என்று பெரும்பாலானவர்கள். ஒரே ஒரு பெண் மட்டும் எதிர்த்து எழுதியிருந்தார். விரட்டினால் வேறு நாய்கள் வந்து சேரும், கருத்தடை செய்து ஊசி போட்டு அதே தெருவில் விடுவதுதான் வழி, எங்கள் தெருவில் ஆறு நாய்களுக்கு நான் அப்படிச் செய்திருக்கிறேன் என்று தெருவின் பேரையும் போட்டிருந்தார். அவர் கணக்கில் முகம் இல்லை, ஒரு நாயின் படம் இருந்தது. கீழே யாரோ, உன் பிள்ளையைக் கடித்தால் தெரியும் என்று எழுதியிருந்தார். அதற்கு அந்தப் பெண் ஒளிக்காமல் பதில் சொல்லியிருந்தார். எனக்குப் பிள்ளை இல்லை, ஆனாலும் கடிபட்டவர்களின் வலி எனக்குத் தெரியும் என்று.

கெண்டைக்கால் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. உனக்கு என்னடி தெரியும் என்று தோன்றியது. தெலுங்கில் ஒரு வரி எழுதினேன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மடி காலியாக இருக்கிறவள் மடியில் நாய்தான் ஏறும்.

எழுதக் கூசுகிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நான் யோக்கியன் ஆகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்தன. சபாஷ் என்றார்கள். ஆள் ஆளுக்கு அந்த வரியைப் படம் பிடித்து வேறு வேறு இடங்களில் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுப் போனை என் மடியில் போட்டாள்.

"உங்க அக்காளுக்கு ஒம்பது வருஷம் இல்லாம இருந்திச்சே, மறந்துட்டியா?" என்றாள்.

மறக்கவில்லை. பலமனேரில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவை வளைகாப்பு வீட்டில் ஓரமாக உட்காரச் சொன்னதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்ததால்தான் சரியாக அங்கே குத்த முடிந்தது. அதை அப்போது ஒத்துக்கொள்ளாமல், "அக்காளும் இவளும் ஒண்ணா? இவ யாரோ முகம் தெரியாதவ" என்று மனைவியிடம் கத்தினேன்.

மூன்றாம் நாள் ஊசிக்குப் போனேன். நர்ஸம்மா காயத்தைப் பார்த்து, நல்லா காஞ்சிக்கினு வருது என்றார். ஏழாம் நாள் போனபோது அவர் முகம் சரியில்லை. ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணா, உங்க கடைக்கு நாலு பேர் வந்து போவாங்க இல்ல. ரெண்டு ரூமு வூடு எங்கனா காலியா இருந்தா சொல்லுங்களேன்."

"ஏம்மா, இப்ப இருக்கற வூடு?"

"ஓனரு மாச கடைசில காலி பண்ணச் சொல்லிட்டாருண்ணா. தெருவுல ஏதோ பேச்சு. வூட்டுக்காரருக்கு வேலை பெங்களூர்ல, மாமியாரும் நானுந்தான். ஆஸ்பத்திரிக்கு நடந்து வர்ற தூரத்துல கெடச்சா போதும்."

என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. கட்டாயம் பார்க்கிறேம்மா என்று வாக்குக் கொடுத்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் நிஜமாகவே விசாரித்தேன். தங்கமான பொண்ணு, எவனோ வீட்டுக்காரன் துரத்துறான் என்று அந்த வீட்டுக்காரனையும் நாலு திட்டுத் திட்டினேன்.

ஜாத்திரை வந்தது. நாய் கடித்து இருபது நாள் ஆகியிருந்தது, கால் தேறிவிட்டது. பண்ட வேஷத்தன்று காலையிலேயே குங்குமம் பூசிக்கொண்டு, எங்கள் கூட்டத்தோடு கிளம்பிவிட்டேன். தப்பட்டைக்காரர்கள் எந்தத் தெருவில் திரும்பினார்களோ அந்தத் தெருவில் நாங்களும் திரும்பினோம். நல்ல வெயில். தொண்டை கட்டும் வரைக்கும் திட்டினேன். ஒரு தெருவில் நாலாவது வீடோ ஐந்தாவது வீடோ, வாசலில் நின்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் ஒரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பும் இன்னொரு கையில் கூழ்ச் செம்புமாக வந்தார்.

நர்ஸம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் வீட்டில் திட்டுவது ஜாத்திரையில் தனிச் சந்தோஷம். இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சேர்த்துத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் வாசப்படிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த ஆறு மண் சட்டிகளைப் பார்த்தேன். தப்பட்டைச் சத்தத்துக்குப் பயந்து ஆறு நாய்கள் அவர் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. ஆறுக்கும் இடது காதில் ஒரு சின்ன வெட்டு. கருத்தடை செய்த நாய் என்பதற்கு அடையாளமாம் அது. என்னைக் கடித்த நாயின் காதுகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. அதற்கு வெட்டு இல்லை.

தெருவின் பேர் அந்த நிமிஷத்தில்தான் மண்டையில் ஏறியது. வாய் திறந்தது திறந்தபடி நின்றேன்.

அவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தில் குங்குமம். இதே குங்குமம், இதே கண் மை, இதே திறந்த வாய். இந்தப் படத்தைத்தான் மூன்று வாரமாக அவர் தன் போனில் பார்த்திருக்கிறார். நான் முகத்தை மறைத்துக்கொண்டதாக நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் வேஷத்துக்குப் பின்னால் யார் என்று தெரியாத ஆள் உண்டா? புருவத்தில் இருக்கிற தழும்பு, இடுங்கின கண், குரல், எல்லாம் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தன. போதாததற்குக் கெண்டைக்காலில் அவரே கழுவி ஆற்றிய கடிவாய் வேறு.

அவர் குனிந்து என் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். நிமிர்ந்து கூழ்ச் செம்பைச் சாய்த்தார்.

"குடிங்கண்ணா. வேஷத்துல வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது."

கையைக் குவித்துக் குடித்தேன். அவர் தப்பட்டைச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இருபத்தெட்டாம் நாளு ஊசிய உட்டுடாதீங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வீட்டு வாசலிலும் எனக்குத் திட்டு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று கூட்டத்திலிருந்து பிரிந்து வீட்டுக்கு வந்து குளித்தேன். குங்குமம் நாலு வாளித் தண்ணீரில் போய்விட்டது. ஈரத்தலையோடு உட்கார்ந்து போனைத் திறந்தேன். என் வரி அங்கேயே இருந்தது. அன்றைக்குக் காலையில்கூட யாரோ வந்து சிரித்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய நாய்ப்படக் கணக்கு மட்டும் இல்லை. மூடிவிட்டிருந்தார்.

அடுத்த எட்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வரியை அழித்தேன். அழித்தால் என்ன, அதன் படங்கள் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. ஊசியை வேறெங்காவது போட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தேன். மனைவியிடம் சொன்னபோது, "அந்தப் பொம்பள மூஞ்சியப் பாக்க வெக்கப்பட்டுக்கினு சாவறதுன்னா சாவு" என்றாள். சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

இருபத்தெட்டாம் நாள் போனேன். வரிசையில் கடைசியாக நின்றேன். எனக்குப் பின்னால் யார் வந்தாலும் முன்னால் போகச் சொன்னேன். கடைசியில் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார், இரண்டு புஜத்திலும் போட்டார், சீட்டில் நாலாவது கட்டத்தை டிக் செய்தார். கை கொஞ்சமும் அழுத்தவில்லை. வேண்டுமென்றே ஒரு குத்துக் குத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுடும்மா" என்றேன். "நீன்னு தெரியாது."

"வேற யாராவதா இருந்தா பரவால்லயாண்ணா?"

அவர் ஊசிக் குப்பையைக் கொட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மாமியாருக்கு யாரோ அனுப்பிட்டாங்க. அவங்க அத எங்கிட்ட சத்தமா படிச்சிக் காட்டுனாங்க. கல்யாணமாகி எட்டு வருஷத்துல அவங்க வாயில இருந்து அந்தப் பேச்சு வந்ததில்லண்ணா. இப்ப வந்திடுச்சி. ஓனரும், உன்னால தெருப் பேரு கெட்டுப்போச்சி, காலி பண்ணுன்னுட்டாரு."

"நான் வந்து மாமியார்கிட்டயும் ஓனர்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லுங்க. ஆனா எங்கிட்ட வந்து இங்க சொல்லிட்டுப் போறதுல இன்னாண்ணா இருக்குது? எழுதுன எடத்துல சொல்லுங்க."

கடைக்குத் திரும்பி நடந்தபோது பயமாக இருந்தது. சொந்தப் பேரில் எழுதினால் ஊருக்குத் தெரியும். கடைக்கு வருகிற பெண்கள், டீச்சர்கள், தங்கள் ஆதார் அட்டையை என் கையில் நம்பிக் கொடுக்கிறவர்கள், எல்லாருக்கும் தெரியும். மாசக் கடைசிக்கு மூன்று நாள்தான் இருந்தது. அந்த மூன்று நாளில் நான் எழுதாவிட்டால் அவர் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதோடு என் வரியையும் புதுத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எழுதினேன். என் பேர், கடையில் உட்கார்ந்திருக்கிற என் வெறும் முகம். அந்த வேஷக் கணக்கு என்னுடையது, அந்த வரி நான் எழுதியது, என்னைக் கடித்தது அவர் வளர்க்கிற நாய் இல்லை, கடித்திருந்தாலும் அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை, அதைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள் என்று. அதையே காகிதத்தில் அச்செடுத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிட்டயர்டு மனிதர். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். நாய்க்கு நான் பயப்படவில்லை, நாலு பேர் பேச்சுக்குத்தான் பயந்தேன் என்று தெலுங்கில் சொன்னார். சட்டிகளை மட்டும் தெருக்கோடியில் வைக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் இந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். மாமியாரம்மா காகிதத்தை வாங்கவே இல்லை. என்னை நிற்க வைத்து, வாயால் சொல்லச் சொன்னார். முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குள் குழுவில் எனக்கு ஜாத்திரை நடந்துகொண்டிருந்தது. சபாஷ் போட்ட அதே ஆட்கள்தான். நாய்க்கடியில் மூளை கலங்கிவிட்டது என்றார்கள். அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். தமிழர்களைத் தெலுங்கில் இளக்காரமாகச் சொல்கிற சொல்லை எடுத்து, அரவத்துக்காரன் புத்தி, தமிழ்நாட்டுக்கே போ என்றார்கள். எங்கள் தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் இருக்கிறோம். இத்தனை நாள் அவர்களோடு சேர்ந்து கத்தியபோது நான் அரவத்துக்காரன் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தேன். வலித்தது. பதில் எழுத விரல் துடித்தது, எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் திட்டுகளுக்கு நடுவில் புதிதாக ஒரு பெண்ணின் முகம் வந்தது. நர்ஸ் உடுப்பு. சொந்தப் பேர். நாய்ப்படக் கணக்கை மூடிவிட்டு ஒதுங்கிப் போனவர், ஒரு முகமும் இல்லாமல் இருந்தவர், முகத்தோடு வந்திருந்தார். "இவருக்கு நாலு ஊசியும் நான்தான் போட்டேன். தன் தப்பைத் தன் பேரில் ஒத்துக்கொண்ட மனிதர். இவரை விட்டுவிடுங்கள்" என்று தெலுங்கில் எழுதியிருந்தார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எவனோ ஒருவன் அவருக்குக் கீழே பழைய வரியை அப்படியே எடுத்துப் போட்டான். மடி காலியாக இருக்கிறவள் என்று ஆரம்பிக்கிற என் வரியை, ஓர் எழுத்து மாறாமல். நான் எழுத ஆரம்பிப்பதற்குள் அவரே பதில் போட்டுவிட்டார்.

"எழுதியவரே திரும்ப எடுத்துக்கொண்டார். நீங்கள் ஏன் தூக்கிச் சுமக்கிறீர்கள்?"

நான் சரியாக இருந்தபோது எனக்காகப் பேசியவர்கள் உண்டு. நான் அவரை அடித்த இடத்துக்கே, மறுபடி அடி விழும் என்று தெரிந்தும், எனக்காக வந்து நின்றார் அவர். இதற்கு என்ன கைம்மாறு செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியம்மா, ஏன்பா அழுவுற என்று கேட்டார். கண்ணில் தூசி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. போனை அவரிடம் திருப்பி, எவனோ எடுத்துப் போட்டிருந்த என் பழைய வரியிலிருந்து ஆரம்பித்து முழுவதும் படித்துக் காட்டினேன்.